ரீட் ஷெப்பர்ட் ஏன் முதல் ஐவரில் இல்லை? கென்டக்கியின் 200 நிமிடங்கள் பற்றிய விவாதம்

வடக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

2024 மார்ச் 21 அன்று பிட்ஸ்பர்க் நகரில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில், 14-ஆம் தரநிலையில் இருந்த ஓக்லாந்து பல்கலைக்கழக அணியிடம் கென்டக்கி பல்கலைக்கழக அணி 80-76 என்ற கணக்கில் தோற்றது. இரண்டாம் பிரிவுக் கல்லூரியான ஹில்ஸ்டேலிலிருந்து மாறி வந்த ஜாக் கோல்கி, அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் பத்து முறை மூன்று புள்ளிக் கூடை போட்டு 32 புள்ளிகள் எடுத்தார். ஆனால் அன்றிரவு கென்டக்கி ரசிகர்கள் கோல்கியைப் பற்றிப் பேசியதைவிட, பருவம் முழுவதும் தாங்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அணியின் இளம் ஆட்டக்காரர்களான ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்ஹாமும் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே அந்தக் கேள்வி.

நானும் அதைக் கேட்டவன்தான், இன்றும் கேட்கிறேன். ஷெப்பர்ட் அந்தப் பருவத்தில் மூன்று புள்ளி எறிதல்களில் 52.1 சதவீதத்தைக் கூடையில் சேர்த்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக 12.5 புள்ளிகளும், 4.5 அசிஸ்டுகளும் (சக ஆட்டக்காரர் கூடை போடத் தந்த பந்துகள்), எதிரணியிடமிருந்து பறித்த பந்துகள் 2.5-உம் அவருடைய கணக்கில் இருந்தன. டில்லிங்ஹாம் ஆட்டத்துக்கு 15.2 புள்ளிகள் எடுத்தார். தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அதே ஆண்டு ஜூனில், ஷெப்பர்ட் மூன்றாவதாகவும் டில்லிங்ஹாம் எட்டாவதாகவும் தேர்வு செய்யப்பட்டார்கள். நாட்டிலுள்ள முதல் பத்து இளம் ஆட்டக்காரர்களில் இருவர் ஒரே அணியில் இருந்தும், அந்த அணி அவர்கள் இல்லாமலேயே பெரும்பாலான ஆட்டங்களைத் தொடங்கியது என்றால் பயிற்சியாளர் ஜான் கலிப்பரியிடம் விளக்கம் கேட்பது ரசிகர்களின் உரிமை என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை, தயவுசெய்து காரணங்களோடு எழுதுங்கள்.

கணக்கன்

கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது கேட்கப்படும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டத்தைத் தொடங்குவதும் ஆட்டத்தில் ஆடுவதும் ஒன்றல்ல. ஷெப்பர்ட் அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் மட்டுமே முதல் ஐவரில் இடம்பெற்றார் என்பது உண்மை. அதே ஷெப்பர்ட் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 நிமிடங்கள் களத்தில் இருந்தார் என்பதும் உண்மை. முதல் ஐவரில் ஒருவரான டி.ஜே. வாக்னர் ஏறக்குறைய 26 நிமிடங்கள்தான் ஆடினார். எனவே "பெஞ்சில் உட்கார வைத்தார்கள்" என்ற சொல்லே இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. டில்லிங்ஹாமுக்குக் கிடைத்த 23.3 நிமிடங்களைக் குறைவு என்று சொல்லலாம், அதைப் பேசுவோம்.

ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடக்கிறது, ஒரு நேரத்தில் ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஆக, ஓர் இரவுக்குப் பயிற்சியாளரின் கையில் இருப்பது 200 நிமிடங்கள் மட்டுமே. ஒருவருக்கு ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும் என்றால் வேறொருவருக்கு ஐந்து நிமிடம் குறைக்க வேண்டும். இந்த விவாதங்களில் யாருக்குக் கூட்ட வேண்டும் என்று சொல்பவர்களைத்தான் பார்க்கிறேன், யாருக்குக் குறைக்க வேண்டும் என்று பெயர் சொல்பவர்களைப் பார்ப்பது அரிது. வடக்குவாசல் அவர்களே, நீங்களும் சொல்லவில்லை.

தேன்மலை

கணக்கன் சொல்வது எனக்கும் ஏற்புடையதே. ஆனால் நிமிடங்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் இதை முடித்துவிட முடியாது. வாக்னரின் தந்தை டஜுவான் வாக்னர் மெம்ஃபிஸ் அணியில் கலிப்பரியின் கீழ் ஆடியவர், தாத்தா மில்ட் வாக்னர் லூயிவில் அணிக்காக ஆடியவர். அந்தக் குடும்பத்துக்கும் கலிப்பரிக்கும் இருபது ஆண்டுகளுக்கும் மேலான உறவு உண்டு. மூன்று புள்ளி எறிதலில் 30 சதவீதத்தைத் தொடாத ஒருவர் தொடக்க ஐவரில் நிலைத்திருப்பதையும், 52 சதவீதம் எறிந்தவர் பெஞ்சிலிருந்து எழுந்து வருவதையும் பார்க்கும் ரசிகர், அந்த உறவுதான் காரணம் என்று ஐயப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

கணக்கன்

ஐயப்படலாம், ஆனால் அதை முடிவாக்கிவிடக் கூடாது. வாக்னர் அந்தப் பருவத்துக்கு முன்பு நாட்டின் மிகச் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களில் ஒருவராக மதிக்கப்பட்டவர். அவரைத் தொடக்கத்தில் இறக்குவதற்கு உறவு தேவைப்படவில்லை. பருவம் பாதி கடந்த பிறகும் அந்த வரிசையை மாற்றாதது ஏன் என்பது வேறு கேள்வி, அதற்கு என்னிடமும் விடை இல்லை.

ஷெப்பர்டின் குடும்பத்தைப் பற்றியும் இங்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். அவர் கென்டக்கி மாநிலத்தின் லண்டன் என்ற ஊரைச் சேர்ந்தவர். தாயும் தந்தையும் அதே பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள். சொந்த மண்ணின் பிள்ளை மீது அந்த மாநில ரசிகர்களுக்கு இருக்கும் பாசம், அவருக்காக எழுப்பப்பட்ட குரலின் உயரத்தைக் கூட்டியது என்பதையும் ஒப்புக்கொள்வோம். பாசம் தவறில்லை. பயிற்சியாளரின் உறவைச் சந்தேகிக்கும் நாம் நம்முடைய உறவையும் அதே தராசில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை

ஷெப்பர்டின் தந்தையைப் பற்றிப் பேச்சு வந்ததால், அதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். இந்த இழையின் கேள்விக்கு அந்த வரலாறு மிக நெருக்கமானது.

1996-இல் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் கென்டக்கி அணி 34 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கோடு தேசியப் பட்டம் வென்றது. ஜெஃப் ஷெப்பர்ட் அந்த அணியின் மாற்று ஆட்டக்காரர். பிற்பாடு என்.பி.ஏ.வில் ஆடிய ஒன்பது பேர் நிறைந்த அணியில் அவருக்குக் கிடைத்த நேரம் சொற்பம். அடுத்த பருவத்தில் ரான் மெர்சரும் டெரிக் ஆண்டர்சனும் அவருடைய இடத்தில் இருந்தார்கள். எனவே அவர் அந்த ஓராண்டை ரெட்ஷர்ட்டாகக் கழிப்பது என்று முடிவாயிற்று. அதாவது அணியோடு பயிற்சி செய்யலாம், ஆனால் ஆட்டத்தில் இறங்கக் கூடாது, பதிலாக ஆடுவதற்கான நான்கு பருவங்களில் ஒன்று கழியாமல் கையில் இருக்கும். 1997 ஜனவரியில் ஆண்டர்சன் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறிய பிறகும் ஷெப்பர்ட் களத்துக்கு வரவில்லை. அந்த அணி இறுதி ஆட்டம் வரை சென்று அரிசோனாவிடம் கூடுதல் நேரத்தில் 84-79 என்று தோற்றது.

அன்று ஷெப்பர்ட் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால் மறுபுறத்தைப் பாருங்கள். 1998-இல் பயிற்சியாளர் டப்பி ஸ்மித்தின் கீழ் அவர் திரும்பி வந்தார். அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டை 86-85 என்று கூடுதல் நேரத்தில் வென்றபோது 27 புள்ளிகள் எடுத்தார். இறுதியில் யூட்டாவை வென்று பட்டம் பெற்ற அந்த அணியில், இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. ஒரு முழு ஆண்டு உட்கார்ந்திருந்த ஒருவருடைய மகனுக்காகத்தான் நாம் இன்று ஐந்து நிமிடங்களைப் பற்றி வாதிடுகிறோம்.

வடக்குவாசல்

நெடுஞ்சாலை அவர்களுக்கு நன்றி, மிகப் பொருத்தமான செய்தி. ஆனால் அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றல்ல. ஜெஃப் ஷெப்பர்ட் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தால், அங்கும் ஓராண்டு உட்கார வேண்டியிருந்திருக்கும். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புவோர் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல், ஒருமுறை மாறுபவர் உடனே ஆடலாம் என்ற விதி வந்தது. 2024-இல் படிப்பில் தகுதியுள்ளவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் முடிகிறது. இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயது இளைஞனுக்கு ஏப்ரலில் வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. எனவே நிமிடங்களைப் பகிர்வது வெறும் ஆட்ட உத்தியாக இல்லை, அடுத்த ஆண்டு அணியில் யார் இருப்பார்கள் என்பதையே அது தீர்மானிக்கிறது.

ஆறாவது ஆள்

அடுத்த ஆண்டு என்ற பேச்சு கென்டக்கிக்கு அப்படியே பொருந்தாது. அந்தப் பருவம் முடிந்ததும் கலிப்பரி ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார், வாக்னரும் சக ஆட்டக்காரர் அடூ தியெரோவும் அவரோடு போனார்கள். புதிய பயிற்சியாளர் மார்க் போப் வந்தபோது முந்தைய பருவத்தின் உதவித்தொகை ஆட்டக்காரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஷெப்பர்டும் டில்லிங்ஹாமும் எத்தனை நிமிடம் ஆடியிருந்தாலும் என்.பி.ஏ.வுக்குத்தான் போயிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பெஞ்சிலிருந்து வருவதை இழிவாகக் கருதும் பார்வையே தவறு. 2005-இல் வட கரோலைனா பட்டம் வென்றபோது மார்வின் வில்லியம்ஸ் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. இல்லினாய்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் அவர் தட்டிப் போட்ட பந்துதான் அணியை முன்னே கொண்டுபோனது. அந்த ஆண்டு டிராஃப்டில் அவர் இரண்டாவதாகத் தேர்வானார். 2018-இல் வில்லனோவாவின் டாண்டே டிவின்சென்ஸோ, மிச்சிகனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளிகள் எடுத்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். வில்லனோவா ரசிகர்கள் அவர் தொடங்காததற்காக வருந்தியதாக எனக்கு நினைவில்லை. அணி வென்றால் தொடக்க ஐவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தேன்மலை

2014-15 கென்டக்கி அணியை மறந்துவிட்டீர்களே. கலிப்பரி பத்து பேரை ஐவர் ஐவராக இரண்டு குழுக்களாகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரெஸ் காயம்பட்ட பிறகு அந்த முறை தளர்ந்தது, ஆனாலும் நிமிடங்கள் பலருக்கும் பகிரப்பட்டன. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் ஆட்டத்துக்கு 21.1 நிமிடங்கள் மட்டுமே ஆடி, டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானார். டெவின் புக்கர் ஒருமுறைகூடத் தொடங்காமல் 21.5 நிமிடங்கள் ஆடினார். இரண்டே ஆண்டுகளில், 2017 மார்ச்சில், அதே புக்கர் என்.பி.ஏ.வில் ஃபீனிக்ஸ் அணிக்காகப் பாஸ்டனுக்கு எதிராக 70 புள்ளிகள் எடுத்தார். அந்தக் கல்லூரி அணி 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றுவிட்டு, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றது. அந்த இரவு புக்கருக்கும் டவுன்ஸுக்கும் இன்னும் அதிக நேரம் கொடுத்திருக்க வேண்டாமா என்ற வருத்தம் பத்தாண்டுகள் கழித்தும் என்னைவிட்டுப் போகவில்லை.

பின்வரிசை

இதுவரை யாரும் தொடாத ஒரு பக்கத்திலிருந்து பேச விரும்புகிறேன். அமெரிக்காவில் படித்த காலத்தில், ஒரு சிறிய கல்லூரி அணிக்கு மாணவ உதவியாளராக இரண்டு பருவங்கள் வேலை செய்தேன். தண்ணீர்க் குப்பி நிரப்புவதும், வியர்வை விழுந்த தரையைத் துடைப்பதும், பயிற்சியைப் படம்பிடிப்பதும் என் பணி. ரசிகர்கள் பார்க்காத ஆட்டத்தை நான் நாள்தோறும் இரண்டரை மணி நேரம் பார்த்தேன்.

அங்கே எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் இருந்த ஆட்டக்காரர்களின் வேலை பெரும்பாலும் அடுத்த எதிரணியைப் போல நடிப்பது. திங்கட்கிழமை ஓர் அணியின் உத்திகளைக் கற்று, புதன்கிழமை அதை மறந்து வேறோர் அணியாக மாற வேண்டும். பார்வையாளர்கள் பெரிதும் விரும்பிய ஓர் இளைஞன் எங்களிடம் இருந்தான். எறிதலில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆட்டம் கைவிட்டுப் போன கடைசி மூன்று நிமிடங்களில் இறங்கி இரண்டு முறை மூன்று புள்ளிக் கூடை போடுவான், அரங்கமே எழுந்து நிற்கும். ஆனால் நான் எடுத்த படத்தில் அவன் வேறொருவனாக இருந்தான். எதிரணியில் ஒருவர் வழியில் நின்று மறிக்கும்போது, தான் காவல் காக்கும் ஆளைச் சக ஆட்டக்காரரிடம் கைமாற்றிவிட வேண்டுமா, பின்தொடர வேண்டுமா என்பதில் ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதிப்பான். அந்த அரை நொடியில் மற்ற நால்வரும் இடம் பெயர வேண்டியிருக்கும். கூடை விழும்போது அவன் பெயர் எங்கும் வராது, கடைசியாக ஓடிவந்து தோற்றவன் மீதுதான் பழி விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

இதைச் சொல்வதால் பயிற்சியாளர்கள் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. அதே அணியில் வேறொருவனுக்கு, அக்டோபரில் பதினைந்து நிமிடங்கள் தருவதாகச் சொன்னார்கள். பிப்ரவரி வரை அவன் மொத்தமாக இருபது நிமிடங்கள்கூட ஆடவில்லை. எது குறை என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. ஒருநாள் எல்லோரும் போன பிறகு அவன் என்னிடம் வந்து, "நீதான் எல்லாவற்றையும் படம் எடுக்கிறாய், நான் எங்கே தவறு செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அளவில் பெரிய தவறு எதுவுமே இல்லை. அந்த ஆண்டோடு அவன் விளையாட்டை விட்டுவிட்டான். இந்த விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஷெப்பர்ட் நினைவுக்கு வருவதில்லை, அவன்தான் வருகிறான். 28 நிமிடங்கள் ஆடும் ஒருவருக்காக ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அவனுக்காக எழுத ஒருவரும் இல்லை.

நெடுஞ்சாலை

பின்வரிசை அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். மனமார்ந்த நன்றி.

கணக்கன்

நானும் அதையே சொல்ல வந்தேன். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாம் உதாரணம் காட்டும் பெயர்கள் எல்லாமே பின்னால் வென்றவர்களின் பெயர்கள். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் தன் முதல் ஆண்டில் யு.சி.எல்.ஏ. அணியில் ஒன்பது நிமிடங்கள் ஆடினார் என்பதை எடுத்துச் சொல்லி, பயிற்சியாளர்களுக்குக் கண் இல்லை என்கிறோம். அன்று அவருக்கு முன்னால் டேரன் காலிசனும் ஆரன் அஃப்லாலோவும் இருந்தார்கள், அந்த அணி தேசிய அரையிறுதிக்குப் போனது. கிரேசன் ஆலன் 2015-இல் ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடங்களே ஆடிவந்து, விஸ்கான்சினுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் டியூக் ஒன்பது புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது அணியை மீட்டு, 16 புள்ளிகள் எடுத்தார். இவர்களைப் போல ஒன்பது நிமிடங்கள் ஆடி, ஒன்பது நிமிடங்களுக்கு உரியவராகவே இருந்த நூற்றுக்கணக்கானோரின் பெயர் நமக்கு நினைவில்லை. ஆலனின் இறுதி ஆட்டத்தை வைத்து ஒவ்வொரு அணியின் எட்டாவது ஆட்டக்காரருக்குள்ளும் ஓர் ஆலன் இருப்பதாக நம்புவது கணக்கின்படி தவறு.

தேன்மலை

அப்படியானால் இரண்டு ஃபவுல் (விதிமீறல்) வழக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கியவரைப் பாதி முடியும் வரை உட்கார வைக்கும் பயிற்சியாளர்கள் இன்றும் ஏராளம். ஐந்து ஃபவுல் வாங்கினால்தான் வெளியேற வேண்டும். மூன்று மீதமிருக்கும்போதே அவரை வெளியேற்றுவது, விதி செய்வதற்கு முன்பே நாமே அந்தத் தண்டனையைக் கொடுப்பதற்குச் சமம். கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் கென் பொமராய் இதைத் தனி எண்ணாகவே பதிவு செய்கிறார், பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் பெரிய வேறுபாடு தெரிகிறது. இங்கே ரசிகர் சொல்வதுதான் சரி என்பேன்.

கணக்கன்

இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆட்டம் முடியும்போது ஓர் ஆட்டக்காரரிடம் மிஞ்சியிருக்கும் ஃபவுல்களை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது.

ஆறாவது ஆள்

கென்டக்கிக்குத் திரும்புவோம். அந்த அணியின் உண்மையான குறை தாக்குதலில் இல்லை. ஆட்டத்துக்கு ஏறக்குறைய 89 புள்ளிகள் எடுத்த அணி அது. தற்காப்பில்தான் சரிந்தது. பருவத் தொடக்கத்தில் உயரமான ஆட்டக்காரர்களான ஆரன் பிராட்ஷாவும் உகோனா ஒன்யென்சோவும் பாதக் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தார்கள். மூன்றாவது உயரமானவரான ஸ்வோனிமிர் இவிசிச்சுக்கு 2024 ஜனவரி 20 வரை ஆட அனுமதியே கிடைக்கவில்லை. கூடைக்கடியில் உயரமானவர் இல்லாதபோது, முன்னால் ஷெப்பர்டையும் டில்லிங்ஹாமையும் ஒன்றாக நிறுத்தினால் உயரம் குறைந்த அந்த இருவரையும் தாண்டி எதிரணி எளிதாக உள்ளே வரும். பயிற்சியாளர் தயங்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஓக்லாந்து ஆட்டத்தில் 80 புள்ளிகள் கொடுத்ததைப் பெஞ்சில் யார் இருந்தார்கள் என்பதை வைத்து விளக்க முடியாது.

வடக்குவாசல்

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். என் முதல் பதிவில் குறை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாருக்குக் குறைக்க வேண்டும் என்று கணக்கன் கேட்டதற்கு விடை சொல்லாமல் இந்த இழையை நான் நீட்டிக்கக் கூடாது. எனவே நேற்றிரவு உட்கார்ந்து 200 நிமிடங்களையும் நானே பகிர்ந்து பார்த்தேன்.

ஆன்டோனியோ ரீவ்ஸுக்கு 32, ஷெப்பர்டுக்கு 32, டில்லிங்ஹாமுக்கு 28, வாக்னருக்கு 20. ட்ரே மிச்செலுக்கு 30, ஜஸ்டின் எட்வர்ட்ஸுக்கும் தியெரோவுக்கும் தலா 15, உயரமான மூவருக்கும் சேர்த்து 28. கூட்டினால் சரியாக 200 வருகிறது. இதை உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. பருவம் முழுவதும் இத்தனை கோபத்தோடு நாங்கள் கேட்டது, ஷெப்பர்டுக்குக் கூடுதலாக மூன்று நிமிடங்களும் டில்லிங்ஹாமுக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடங்களும்தான். அதற்காக வாக்னர் கொடுக்க வேண்டியது ஆறு நிமிடங்கள். அவரும் அப்போது பத்தொன்பது வயதைத் தாண்டாத ஓர் இளைஞர், அந்த ஆறு நிமிடங்களை அவரிடமிருந்து கேட்கிறேன் என்பதைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

ஆனாலும் தொடங்குவது முக்கியமில்லை என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தொடங்கும் ஐவர் ஆட்டத்தை ஒருமுறை அல்ல, இரண்டு முறை தொடங்குகிறார்கள். வழக்கமாக இடைவேளைக்குப் பிறகும் அதே ஐவர்தான் இறங்குகிறார்கள். முதல் பாதியின் பிற்பகுதியில் ஷெப்பர்டும் டில்லிங்ஹாமும் வேகம் பிடித்து ஆடிக்கொண்டிருக்கும்போது இடைவேளை வருகிறது. பிறகு இருவரும் மீண்டும் பெஞ்சில் அமர்ந்து, உடல் குளிர, விளம்பரத்துக்காக ஆட்டம் நிற்கும் முதல் தொலைக்காட்சி இடைவேளை வரை காத்திருக்கிறார்கள். வாக்னரிடம் நான் கேட்கும் ஆறு நிமிடங்களில் நான்கு அங்கேதான் இருக்கின்றன. முதல் பாதியை அவரே தொடங்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தை மட்டும் ஷெப்பர்டிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதில் எங்கே பிழை இருக்கிறது என்று கணக்கன் அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

கணக்கன்

பகிர்வில் பிழை காணவில்லை. மிச்செல் காயத்தால் விலகியிருந்த ஆட்டங்களுக்கு மட்டும் அந்த 30 நிமிடங்களை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.